குமார் கொண்டுவந்த கிதார்

ஜூலை 16, 1994, சனி

காலையிலிருந்து சாரல் காற்று. துணி காயவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மத்தியான ஷிப்ட்டை மாற்றிக்கொண்டேன், குமார் வருகிறான் என்று.

பத்து மணி வாக்கில் ஆட்டோ. தம்பி கறுத்துவிட்டான், தோள் அகன்றுவிட்டது. கப்பலில் இஞ்சின் ரூம் வேலை அப்படி. அம்மா அழுதாள். அழுதுகொண்டே "ஏம்லே இப்படி மெலிஞ்சிட்ட" என்றாள். மெலியவே இல்லை.

சாமான்களோடு ஒரு நீளமான கறுப்புப் பெட்டி. யாரையும் தொடவிடவில்லை. காப்பி கூடக் குடிக்காமல் என் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"நீயே திறக்கா."

அதே கிதார். காலேஜில் படிக்கும்போது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து கத்தரித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தேனே, அதே. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப்போகக் கறுப்பு. தலைக்கட்டையில் அந்தக் கம்பெனிப் பெயர். உலகத்தில் பெரிய ஆட்கள் பாதிப் பேர் கையில் இருப்பது இதுதான். அமெரிக்காவில் ஹூஸ்டனில் கப்பல் நின்றபோது மற்றவர்கள் ஊர் சுற்றப் போனார்களாம். இவன் கடையைத் தேடி நடந்திருக்கிறான்.

"படத்துல இருந்தது தான? கலர் மாறிறலயே?"

தலையாட்டினேன். அழுதேன். அது நிஜமான அழுகை. அதைக் குறித்து வைக்க வேண்டும் போலிருக்கிறது.

இரவு: கருப்பட்டி, உளுந்து வாங்க வேண்டும். குமாருக்கு உளுந்தங்களி.

ஜூலை 17, ஞாயிறு

ஆடி ஒன்று. அம்மா கோவிலுக்கு. குமார் தூக்கம். கதவைச் சாத்திக்கொண்டு ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகினேன்.

வாசிக்கும் முன்னாலேயே ஒரு 'ம்ம்ம்ம்'. கம்பியைத் தொட்டால் குறைகிறது, விட்டால் கூடுகிறது. டியூப்லைட்டை அணைத்தேன். பாதி போயிற்று. பாதி போகவில்லை. என்னுடைய பழைய கிதாரில் இவ்வளவு இரைச்சல் கிடையாது. அது கல்கத்தாவில் செய்தது, சிவப்பு, கழுத்து உலக்கை மாதிரி, பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது.

கம்பி ரொம்ப மெல்லிசு. பழையதில் அழுத்துகிற மாதிரி அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறது. கழுத்தின் முதல் நாலைந்து கட்டுகளில் எங்கே விரல் வைத்தாலும் கம்பி உரசி 'ஜிர்'. ஒரு கம்பியை வளைத்து இழுத்தால் மற்றவை சேர்ந்து இறங்குகின்றன. திரும்பி வந்து சரியாக நிற்பதும் இல்லை.

துடைத்தேன், சுருதி சேர்த்தேன், மறுபடி வாசித்தேன். மறுபடியும் ஜிர்.

இத்தனை வருஷம் ஆசைப்பட்டது இதற்கா?

இல்லை, அப்படி எழுதக்கூடாது. உலகமே கொண்டாடுகிற சாமான். அதில் குறை இருக்க முடியுமா. அப்போ குறை என் கையில். முறையாக யாரிடமும் கற்றுக்கொள்ளாத கை. பகலெல்லாம் டெலிபோன் போர்டில் பிளக் சொருகுகிற கை. மட்டமான கிதாரில் பழகி மட்டமாகவே ஆகிவிட்ட கை.



கதவு தட்டும் சத்தம். குமார். "எப்படிக்கா இருக்கு?"

"அமிர்தம்லே."

ஜூலை 19, செவ்வாய்

காற்று ஓயவில்லை. புழுதி. கண்ணில் விழுந்து சிவந்திருக்கிறது; நல்லதாயிற்று, அழுத மாதிரி தெரியாது.

ஜெபராஜ் அண்ணாச்சி வீட்டு மாடியில் ரிகர்சல். (எங்கள் மெல்லிசைக் குழு அவருடையது. கீபோர்டு அவர், டிரம்ஸ் இசக்கி, பாட ரமணி. லீட் கிதார் நான். பொம்பளை கிதார் வாசிக்கிறாள் என்று பார்க்கவே கூட்டம் வருகிறது என்பார் அண்ணாச்சி. பாராட்டா இல்லையா என்று இன்று வரை தெரியாது.) அடுத்த செவ்வாய் ஏரலில் அம்மன் கோவில் கொடைவிழா. பெரிய கச்சேரி.

நான் பழையதைத்தான் எடுத்துப் போனேன். புதியது பழகட்டும் என்று சொல்லிச் சமாளிக்க எண்ணம். படியேறினால் குமார் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், கறுப்புப் பெட்டியோடு. மறந்துட்டுப் போய்ட்டியேக்கா என்று ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறான்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து கும்பிடாத குறை. "ஏ இசக்கி, கைய கழுவிட்டு வந்து தொடுலே!" நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம். அப்போதே பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: 'அமெரிக்கக் கிதாருடன் செல்வி கோமதி'.

குமார் அதை இரண்டு தடவை வாசித்தான். வாய்க்குள்.

வேண்டாம் அண்ணாச்சி, பேர் மட்டும் போதும் என்றேன்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய சாமான வச்சுக்கிட்டு சொல்லாம இருக்கதா? ஏரல்காரன் கேட்டுருக்க மாட்டான் இப்படி ஒரு சத்தத்த."

கேட்டிருக்க மாட்டான்தான்.

வாசித்தேன். உரசல், இரைச்சல், எல்லாம். அண்ணாச்சி தலையாட்டினார். நெற்றியில் மட்டும் ஒரு கோடு விழுந்தது. இசக்கி தரையைப் பார்த்தான். அந்தப் பெயருக்கு முன்னால் யார் வாய் திறப்பது.

ஜூலை 20, புதன்

ஷிப்ட்டில் இரண்டு தப்பு லைன். தூத்துக்குடி கேட்டவருக்குத் தென்காசி. திட்டு.

சாயந்தரம் அம்மா, அடுப்படியிலிருந்தே: "புதுசு வந்ததுலருந்து ஒம் மூஞ்சி சரியில்லயே ஏட்டி."

தலைவலி என்றேன்.

குமாரிடம் சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? 'நீ கொண்டுவந்தது நன்றாக இல்லை.' 'நீ கொண்டுவந்தது நன்றாகத்தான் இருக்கும், எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.' எதைச் சொன்னாலும் அவன் முகம் ஒன்றுதான்.

ஜூலை 21, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ரிகர்சலில் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. "எல்லாரும் சுவரப் பாத்து திரும்பி நில்லுங்க. கோமதி ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிக்கட்டும். எது எதுன்னு சொல்லுவோம்." விளையாட்டு மாதிரி சொன்னார். விளையாட்டு இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏரலுக்கு முன்னால் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்.

அண்ணாச்சி, ரமணி, குமார் மூவரும் சுவரைப் பார்த்து. இசக்கி டிரம்ஸுக்குப் பின்னால் இருந்ததால் பாதிதான் திரும்பினான். ஆம்ப்பில் இரண்டு கிதாரும் செருகியிருந்தது.

முதலில் புதியது. ஒரே மெட்டு, மெதுவாக. பிறகு கீழே சாய்த்துவிட்டு, மடியில் பழையது. அதே மெட்டு.

பழையதில் முடிக்கவே இல்லை. குமார் கத்தினான்: "இதுதான்! இதுதான் புதுசு! கேட்டியளா அண்ணாச்சி? என்னா ஒரு கனம்! சொன்னம்லா!"

சுவரைப் பார்த்தபடியே கையைத் தட்டுகிறான். திரும்பப் போகிறான்.

நான் யோசிக்கவில்லை. பழையதைக் கீழே வைத்து, புதியதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவன் திரும்பினான். சிரித்தான். நானும் சிரித்தேன்.

"கரெக்ட்டாக்கா?"

"கரெக்ட்."

அண்ணாச்சி முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பழகப் பழக சரியாயிரும்" என்றார். கடவுளே, அவரையும் ஏமாற்றிவிட்டேன்.

இசக்கி பார்த்துவிட்டான். குச்சியை விரலில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

ஜூலை 23, சனி

நோட்டீஸ் வந்தது. ரோஸ் நிறம். குமார் ஒன்றை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டான், கப்பலில் காட்டவாம். "எங்கூட்டாளி ஒருத்தன் நம்பவே மாட்டேங்கான்க்கா. அக்கா மேடையில கிதார் வாசிக்கான்னு சொன்னா சிரிக்கான்."

நாள் முழுக்கப் பயிற்சி. அழுத்தத்தைக் குறைத்து, பூப்போலத் தொட்டு. விரல் கேட்க மாட்டேன் என்கிறது. மெதுவாக வாசித்தால் நன்றாயிருக்கிற மாதிரி ஒரு நிமிஷம் தோன்றுகிறது. வேகம் பிடித்தால் எல்லாம் போயிற்று.

ஒன்று கண்டுபிடித்தேன். உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி நின்றால் இரைச்சல் அடங்குகிறது. எந்தப் பக்கம் என்பது விளக்கு இருக்கிற இடத்தைப் பொறுத்து.

ஜூலை 25, திங்கள்

நாளைக்கு ஏரல். சேலை: பச்சை. பழைய கிதாரையும் வேனில் ஏற்றச் சொன்னேன். எதுக்குக்கா என்றான் குமார். கம்பி அறுந்தால் கைவசம் இருக்கட்டும் என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது இப்போது.

சோறு இறங்கவில்லை.

ஜூலை 27, புதன்

லீவு சொல்லிவிட்டேன். நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆற்றுப் பக்கத்து மைதானம். மேடையைச் சுற்றி டியூப்லைட், சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர். செருகியதுமே தெரிந்துவிட்டது. வீட்டில் கேட்டது கொசு என்றால் இது வண்டு. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் ஆம்ப்பைப் பார்த்தேன். திரும்பித் திரும்பி நின்று பார்த்து, கடைசியில் ஒரு திசையில் அடங்கியது. அந்தத் திசையில் நின்றால் முன்வரிசைக்கு என் முதுகுதான் தெரியும். முன்வரிசையில் குமார்.

சாமிப் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டும் எப்படியோ. மூன்றாவது வேகப் பாட்டு. இடையில் எனக்கு நீளமாக ஒரு தனி வாசிப்பு. அண்ணாச்சி மைக்கில், "இப்போது அமெரிக்கக் கிதார்!" என்றார். விசில்.

முதுகைக் காட்டிக்கொண்டு எப்படி வாசிப்பது? திரும்பினேன். குமார் எழுந்து நின்றிருந்தான். இரைச்சல் ஏறியது. இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று ஓங்கி வாசித்தேன், என் பழைய அழுத்தத்தோடு, கம்பியை வளைத்து. வளைத்தது திரும்பி வரவில்லை. எல்லாக் கம்பியும் சுருதி விட்டுவிட்டது. அடுத்து வைத்த ஒவ்வொரு விரலும் அபஸ்வரம். நிறுத்தவும் முடியவில்லை, ரிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரமணி காதைப் பொத்திக்கொண்டாள்; தெரியாமல்தான் செய்தாள்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே, அமெரிக்கா அவுட்டுலே!"

ஒரே சிரிப்பு. மைதானம் முழுக்க.

கழற்றினேன். பழையதை எடுத்து மாட்டினேன், விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். சிவப்புக் கட்டை சொன்னபடி கேட்டது. கைதட்டல். என் வாழ்க்கையில் அவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை. குமாரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால், ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். இசக்கி ஆறுதல் சொல்ல வந்தான். நல்லவன்தான்.

"விடுங்கக்கா. அன்னைக்கே ஒங்க தம்பி கையத் தட்டுனது பழசுக்குத்தான? நீங்க சட்டுனு மாத்தி வச்சிய. நான் பாத்தேன். பாவம் சின்னப் பையன், ஆசையா கொண்டாந்திருக்கான்னு நானும் வாயத் தொறக்கல."

அவனுக்குப் பின்னால் குமார். இரண்டு கையிலும் கலர் சோடா பாட்டில், எனக்கும் அண்ணாச்சிக்கும்.

பாட்டில்களை மேடைப் பலகையில் பைய வைத்தான். ஒன்று உருண்டது. நிமிர்த்தி வைத்தான். வெளியே போய்விட்டான். வேனுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் தேடினோம். இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு எதிர்வீட்டு போனில் அத்தை, ஆழ்வார்குறிச்சியிலிருந்து. "இங்கன தான் இருக்கான். சாப்பிட மாட்டேங்கான். என்னட்டி சண்டை?"

அம்மா அவன் விட்டுப்போன சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 28, வியாழன்

அவனுக்கு ஏதாவது சமைத்துக் கொடுத்தனுப்பலாமா. என்ன அனுப்ப? ஞாயிறு சாயந்தரம் மெட்ராஸ் வண்டி, அங்கிருந்து கப்பல். ஒன்றரை வருஷம் பார்க்க முடியாது.

அண்ணாச்சி வந்தார். கோபம் இல்லை. "சாமான் சரியில்லன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. நோட்டீஸ்ல போட்டுட்டு நின்னேன்." காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நாளைக்கு ஆழ்வார்குறிச்சி போகிறேன்.

ஜூலை 29, வெள்ளி

தென்காசி பாசஞ்சர். வழியெல்லாம் நடவு. மலை முழுக்க மேகம், மழை இல்லை.

அத்தை வீட்டில் இல்லை அவன். கடனா நதிக் கரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகரவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீ பழச வாசிச்சதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. சனியன் அது சரியில்லன்னா தூக்கி ஆத்துல போடு. எனக்கு என்ன கிதாரப் பத்தித் தெரியும்? நீ நல்லாருக்குன்ன. அமிர்தம்ன. அத நம்பித்தான் நான் ஊர்பூரா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்."

"குமாரு, நீ ஆசையா கொண்டாந்த…"

"அப்ப இத்தன நாளும் எங்கிட்ட பேசுனது யாரு, எங்கக்காவா? நான் சுவரப் பாத்து கையத் தட்டும்போது நீ என்ன நெனச்ச? கோட்டிக்காரப் பயன்னுதான?"

இல்லை, இல்லை என்றேன். என் கை மேல்தான் சந்தேகம் என்றேன். இவ்வளவு பெரிய பெயருள்ள சாமானில் குறை இருக்காது, என்னிடம்தான் குறை, அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன் என்றேன். முதல்முறையாக இதை வெளியே சொல்கிறேன்.

அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"என்ன செய்யுது அது? சரியா சொல்லு."

சொன்னேன். இரைச்சல், உரசல், சுருதி இறங்குவது. எந்தக் கட்டு வரைக்கும் உரசுகிறது என்று கேட்டான். முதல் நாலைந்து என்றேன். கழுத்துக்குள்ளே கம்பி ஏதும் ஓடுதா என்றான். இரும்புக் கம்பி ஒன்று ஓடும், அதைத் திருப்ப ஒரு சாவி பெட்டியில் கிடக்கிறது, தொடப் பயம், முறிந்துவிட்டால் என்றேன்.

"கடல் காத்துலயே இத்தன நாள் கெடந்திருக்கு. மரம் ஊதி பின்னால வளஞ்சிருக்கும். கப்பல்ல இதவிடப் பெரிய கம்பியெல்லாம் நான்தான் முறுக்கித் தளத்துதேன். வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருந்தேன்னா…"

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான்.

ஒரே பஸ்ஸில் வந்தோம். தனித்தனி சீட்.

ஜூலை 30, சனி

கூடத்தில் பாயை விரித்துக் கிதாரைக் கிடத்தினான். சாவியைக் கழுத்தில் செருகித் தளர்த்தினான். கால் சுற்று கூட இல்லை. 'க்ரீச்' என்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய் வந்தது. அவன் நெற்றியிலும் வேர்வை. "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்றான். சாப்பிட்டோம். மறுபடி துளி. நான் என் பழைய கிதாருக்கு வைத்திருந்த தடிமனான கம்பிகளை மாட்டினேன். பின்பக்கத்து ஸ்பிரிங்குகளை இறுக்கி, கம்பிகளைத் தாங்கும் பாலம் அசையாமல் மரத்தோடு படிய வைத்தான்.

வாசித்தேன்.

உரசல் போய்விட்டது. சுருதி நின்றது. இரைச்சல் அப்படியே.

"இப்ப உள்ளத சொல்லு," என்றான். "எனக்காகச் சொல்லாத."

சொன்னேன். இரைச்சல் இதன் பிறவிக் குணம் போலிருக்கிறது, டியூப்லைட் மேடைக்கு இது ஆகாது. வேகப் பாட்டுக்கு என் கைக்குப் பழையதுதான் தோது. கூட்டத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, உனக்கே தெரியவில்லை. (இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.) ஆனால் மெதுவான பாட்டில் ஒன்று இருக்கிறது. பழையதில் ஸ்வரம் விழுந்த இடத்திலேயே செத்துவிடும். இதில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் யோசிக்கும். ஆறு கம்பியைச் சேர்த்துத் தட்டினால் ஆறும் தனித்தனியாகக் கேட்கும். கழுத்தும் கைக்குள் அடங்குகிறது. வாசிக்கிறவளுக்கு அது தெரியும்.

"அப்ப பேருக்குத் தகுந்தது தானா?"

"பேரு ரொம்பப் பெரிசு. இது நல்ல கிதாரு. அவ்வளவுதான்."

தலையாட்டினான். கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 31, ஞாயிறு

வெயில். காற்று நின்றுவிட்டது.

குமார் பெட்டியில்: முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு துண்டு, தலைவலித் தைலம். பர்ஸிலிருந்து ரோஸ் நோட்டீஸை எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். 

ரயில் ஜங்ஷனில் கூட்டம். அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். ஜன்னல் வழியாகக் குமார்:

"அத வித்துரதுன்னா வித்துருக்கா. ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"விக்க மாட்டேன்."

"எனக்காகன்னா வேண்டாம்."

"ஒனக்காக இல்ல."

நிஜமாகவே அவனுக்காக இல்லை. இன்று விடியற்காலையில் அவன் எழும் முன்பு ஆம்ப் இல்லாமல், விளக்கு இல்லாமல் அதை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டும்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எதையோ தேடுகிற மாதிரி. நம்பினானா என்று தெரியவில்லை. சிக்னல் இறங்கி, வண்டி நகர்ந்துவிட்டது.